ஆரன் தீவுகளும் நெடுந்தீவும்



சென்ற மாசி மாதத்து இரவொன்றில் என் பழைய மாணவன் ஒருவன் அயர்லாந்திலிருந்து ஒரு படம் அனுப்பியிருந்தான். நான் கொழும்பில் இந்துக் கல்லூரியொன்றில் தமிழ் கற்பிப்பவன். உயர்தர வகுப்பில் என்னிடம் தமிழ் படித்துவிட்டு, இப்போது அயர்லாந்தின் மேற்குக் கரையிலுள்ள கோல்வே நகரில் மேற்படிப்புப் படிக்கிறான் அவன். படத்தில் ஆட்கள் எவரும் இல்லை. சாம்பல் நிறக் கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய வேலிகள். வேலிக்குள் வேலியாகச் சின்னஞ்சிறு புல்நிலங்கள். அவற்றுக்கு அப்பால் கடல். படத்தின் கீழே, "இது எந்த இடம், சொல்லுங்கோ சேர்" என்று ஒரு வரி.

மாளிகாவத்தையில் நாங்கள் குடியிருக்கும் தொடர்மாடியில் எங்கள் வாசலுக்கு நேரெதிரே ஒரு நானா இருக்கிறார். யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் பிறந்தவர். 1990 ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் இரண்டொரு மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டபோது, உடுத்த உடையோடு வந்தவர்களுள் ஒருவர். அன்றிரவு மாடிப்படியில் காற்று வாங்கிக்கொண்டிருந்த அவரிடம் படத்தைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்திப் பார்த்தவர், சற்றும் தயங்காமல் சொன்னார்: "இது நெடுந்தீவெல்லே சேர்! வாப்பாவோட மாடு வாங்கப் போன இடம். இந்த வேலிக்குள்ளாலதான் மாட்டை ஓட்டிக்கொண்டு வருவம்."

அது நெடுந்தீவு அன்று. அயர்லாந்தின் ஆரன் தீவுகளுள் பெரியதான இனிஷ் மோர். ஆனால் நானாவின் தவறைத் தவறென்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. இரண்டு தீவுகளுக்கும் இடையில் அரை உலகம் கிடக்கிறது. ஒன்றில் பனை நிற்கிறது. மற்றதில் மரமே அரிது. இருந்தும் ஒரே வேலி எப்படி வந்தது? இந்தக் கேள்வியோடு சில வாரங்கள் நூல்களைப் புரட்டினேன். சித்திரை விடுமுறை வந்தது. அயர்லாந்துக்குப் போக அரசாங்க ஆசிரியனின் சம்பளம் இடங்கொடாது. நெடுந்தீவுக்குப் போகலாம், போனோம். அயர்லாந்தைப் படித்தும் நெடுந்தீவைப் பார்த்தும் அறிந்துகொண்டவற்றை இன்று சொல்லலாம் என நினைக்கிறேன்.

முதலில் ஆரன் தீவுகள். கோல்வே விரிகுடாவின் வாயிலில் வரிசையாகக் கிடக்கும் மூன்று தீவுகள் அவை. மூன்றையும் சேர்த்தால் பரப்பு ஏறத்தாழ 46 சதுர கிலோமீற்றர். நமது நெடுந்தீவு ஒன்றே ஏறக்குறைய அவ்வளவு இருக்கும். அங்கே வாழ்வோர் 1300 பேர் அளவில். உல்லாசப் பயணிகளோ கோடை காலத்தில் நாள்தோறும் படகுபடகாக வந்து இறங்குகிறார்கள். ரொசவீல் துறையிலிருந்து முக்கால் மணி நேரக் கடற்பயணம். இறங்கியதும் சைக்கிளை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, மலைமுகட்டில் நிற்கும் டூன் எங்கஸ் என்ற கற்கோட்டையைப் பார்க்கப் போவார்கள். மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன் கட்டத் தொடங்கிய கோட்டை. ஒரு பக்கத்தில் அதற்கு மதிலே கிடையாது. செங்குத்தான பாறை நேரே அத்திலாந்திக் கடலுக்குள் இறங்குகிறது.

எனக்குக் கோட்டையைவிட வேலியே பெரிதாகத் தோன்றியது. ஆரன் தீவுகள் சுண்ணாம்புப் பாறைத் தட்டுகள். இயற்கையான மண் மிகக் குறைவு. அங்குள்ள மக்கள் பாறைமேற் கிடந்த கற்களைப் பொறுக்கி வேலியாக அடுக்கினார்கள். வெறுமையான பாறைமீது கடற்கரை மணலையும் கடற்பாசியையும் மாறிமாறிப் பரப்பி, ஆண்டுக்கணக்காகப் பொறுத்திருந்து மண் உண்டாக்கினார்கள். அந்த மண்ணில்தான் உருளைக்கிழங்கு நட்டார்கள். தந்தை உண்டாக்கிய மண் பிள்ளைகளுக்குப் பங்காகும்போது வேலியும் பெருகும். மூன்று தீவுகளிலும் உள்ள வேலியை நீட்டிவைத்தால் ஆயிரம் மைலைத் தாண்டும் என்கிறார்கள். இவ்வேலிகளுக்குப் படலை கிடையாது. மாட்டை உள்ளே விடவேண்டுமானால் ஓரிடத்துக் கற்களை இறக்கி வைத்துவிட்டு, மாடு போனபின் மீண்டும் அடுக்கிவிடுவார்கள். சாந்து பூசுவதும் இல்லை. கல்லுக்கும் கல்லுக்கும் இடையே வெளிச்சம் தெரியும்.

இந்த மக்கள் பேசும் மொழி ஐரிஷ். ஆங்கிலத்தின் கிளைமொழி என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், அப்படியன்று. அது கெல்திக் இனத்து மொழி. ஆங்கிலத்துக்கு அது தூரத்து உறவுதான். ஒரு காலத்தில் தீவு முழுவதும் பேசப்பட்ட மொழி இன்று மேற்குக் கரையோரத்துச் சில பகுதிகளிலேயே வீட்டு மொழியாக நிற்கிறது. அந்தப் பகுதிகளுள் ஆரனும் ஒன்று.

எப்படி ஒடுங்கியது? தமிழாசிரியன் என்ற முறையில் நான் அதிகம் தங்கிநின்ற இடம் இது. 1831 இல் அயர்லாந்தில் தேசியப் பாடசாலைகள் திறக்கப்பட்டபோது போதனா மொழி ஆங்கிலம். ஐரிஷ் பேசும் பிள்ளையின் கழுத்தில் ஒரு தடியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடும் வழக்கம் பல ஊர்களில் இருந்தது. பிள்ளை வாய்தவறி ஐரிஷ் பேசும்போதெல்லாம் தடியில் ஒரு வெட்டு விழும். மாலையில் வெட்டுக்களை எண்ணி அடி. வீட்டில் பேசினால் பெற்றோரே வெட்டு விழுத்தி அனுப்புவார்களாம். பெற்றோரைக் குறை சொல்லிப் பயனில்லை. 1845 இல் உருளைக்கிழங்கில் ஒரு நோய் விழுந்தது. அடுத்துவந்த ஏழு ஆண்டுகளில் ஏறத்தாழப் பத்து இலட்சம் பேர் பசியாலும் நோயாலும் மாண்டனர். இன்னும் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கப்பலேறினர். கப்பலேறுபவனுக்கு ஆங்கிலம் வேண்டும். ஐரிஷ் பேசிய மேற்குப் பகுதிகளே பஞ்சத்தில் மிக மோசமாக அடிபட்டவை. ஆகவே, பிள்ளையின் கழுத்தில் தடியைக் கட்டச் சம்மதித்த தாய், அந்தப் பிள்ளை உயிரோடிருக்க வேண்டும் என்றே சம்மதித்தாள்.

இன்று நிலை என்ன? 1937 இல் வந்த அரசியலமைப்பின்படி ஐரிஷ் அந்த நாட்டின் முதலாவது ஆட்சிமொழி. எல்லாப் பாடசாலைகளிலும் கற்பிக்கப்படுகிறது. 2022 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பில், 51 இலட்சம் மக்களுள் 18 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் தமக்கு ஐரிஷ் பேசத் தெரியும் என்று எழுதினார்கள். பாடசாலைக்கு வெளியே நாள்தோறும் பேசுகிறோம் என்று எழுதியவர்கள் 72 ஆயிரம் பேரளவில். பாடமாக இருக்கும் மொழிக்கும் வாயில் இருக்கும் மொழிக்கும் உள்ள தூரம் இந்த இரண்டு எண்களுக்கு இடையில் கிடக்கிறது. கொழும்பில் தமிழ் வகுப்பெடுக்கும் எவருக்கும் இந்த எண்கள் அந்நியமாகத் தோன்றா.

ஒரு சிறு கிளைக்கதை. நாம் 'வெள்ளைக்காரர்' என்ற ஒரே சொல்லுக்குள் எல்லாரையும் போட்டுக் கட்டிவிடுகிறோம். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856 இல் எழுதி வெளியிட்ட கால்டுவெல், ஸ்கொத்லாந்துக் குடும்பத்தவராயினும் பிறந்தது வட அயர்லாந்தின் அந்திரிம் பகுதியில். பாரதியார் குருவாகக் கொண்ட நிவேதிதா தேவி பிறந்தது அதே வடக்கில், டங்கானன் என்னும் ஊரில். 1845 இல், அதாவது பஞ்சம் தொடங்கிய அதே ஆண்டில், குடியேற்ற நாட்டுச் செயலாளராக இலங்கைக்கு வந்து, பின்னர் 1859 இல் இலங்கை பற்றி இரு பெருந்தொகுதிகள் எழுதிய எமர்சன் டெனன்ட் பெல்ஃபாஸ்ட்காரர். நம் பனையைப் பற்றி அவர் எழுதிய பக்கங்களைப் படித்தவர்கள், அவர் ஆட்சிக்காரர் என்பதைச் சிறிது நேரம் மறந்துபோவார்கள். ஆனால் 1848 ஆம் ஆண்டு வரிகளையும் மாத்தளைக் கிளர்ச்சியையும் நினைத்தால் மீண்டும் நினைவு வந்துவிடும்.

ஆரனுக்குத் திரும்புவோம். 1896 இல் பாரிஸ் நகரில் கவிஞர் யேட்ஸ், எழுத வழி தெரியாமல் நின்ற ஜோன் சிங் என்ற இளைஞரைச் சந்தித்தார். ஆரன் தீவுக்குப் போ, அங்குள்ள மக்களோடு அவர்களில் ஒருவனாக இரு என்பது அவர் சொன்ன புத்தியின் சாரம். சிங் 1898 இல் போனார். தொடர்ந்து ஐந்து ஆண்டுகள், ஒவ்வோராண்டும் சில வாரங்கள், குடிசையொன்றில் தங்கி ஐரிஷ் கற்றார். கிழவர்களிடம் கதை கேட்டார். அதிலிருந்து பிறந்தது 1904 இல் மேடையேறிய 'கடலை நோக்கிச் செல்வோர்' என்ற சிறு நாடகம். ஒரு தாய், கணவனையும் மக்களையும் ஒவ்வொருவராகக் கடலுக்குக் கொடுத்தவள், எஞ்சிய கடைசி மகனும் கடல் கடக்கப் புறப்படுகிறான். வேறொரு கரையில் ஒதுங்கிய பிரேதம் யாருடையது என்பதை, காலுறையில் விடுபட்ட பின்னல் தையல்களை எண்ணித் தங்கை கண்டுபிடிக்கிறாள். அரை மணிநேர நாடகம். நம் மஹாகவியின் 'புதியதொரு வீடு' நாடகத்திலும் கடலுக்குப் போனவன் வராத வீடு உண்டு. இரண்டையும் அடுத்தடுத்துப் படிக்குமாறு என் மாணவர்களுக்குச் சொல்வதுண்டு.

இனி நெடுந்தீவு.

வெள்ளவத்தையிலிருந்து இரவு பஸ். விடியற்காலையில் யாழ்ப்பாணம். பண்ணைப் பாலத்தால் வேலணை, பிறகு இன்னொரு கடல்வழிப் பாலத்தால் புங்குடுதீவு, அதன் அந்தலையில் குறிகட்டுவான் துறை. நயினாதீவுக்குப் போகும் அடியார் கூட்டம் ஒரு வரிசை. நெடுந்தீவுக்குப் போகும் சனம் மற்ற வரிசை. நம் வரிசையில் சீமெந்துப் பை, மரக்கறிக் கடகம், கோழிக்குஞ்சுப் பெட்டி. சித்திரையில் கடல் எண்ணெய் பூசினாற்போலக் கிடக்கும். சோழகக் காற்று இன்னும் பிறக்கவில்லை. ஏறக்குறைய ஒரு மணிநேரத்தில் மாவிலித்துறை.

துறையில் ஒரு நினைவுத்தூபி நிற்கிறது. 1985 மே 15 ஆம் திகதி, இந்த வழியில் வந்த குமுதினிப் படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டு, பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டனர். ஆணும் பெண்ணும் குழந்தையும் அதில் அடக்கம். சிங் எழுதிய தாய்க்குக் கடல்தான் பகை. இங்குள்ள தாய்மாருக்கு அப்படிச் சொல்லி ஆறவும் வழியில்லை. மகன் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தான். நான் அவனை அவசரப்படுத்தவில்லை.

பெயர் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். ஒல்லாந்தர் நம் தீவுகளுக்கெல்லாம் தம் ஊர்ப் பெயர்களைச் சூட்டினார்கள். காரைதீவு அம்ஸ்ரடாம் ஆயிற்று. வேலணை லெய்டன் ஆயிற்று. புங்குடுதீவு மிடில்பேர்க் ஆயிற்று. அவையெல்லாம் வரைபடத்தோடு போய்விட்டன. நெடுந்தீவுக்கு வைத்த 'டெல்ஃப்ற்' மட்டும் ஆங்கிலத்தில் இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கிறது. அயர்லாந்தின் கதை இதைவிட நுட்பமானது. அங்கே புதுப்பெயர் சூட்டியது குறைவு. பழைய பெயரை ஆங்கில எழுத்தில் கேட்டபடி எழுதினார்கள். 'இனிஷ்' என்றால் தீவு, 'மோர்' என்றால் பெரிது. ஆங்கில எழுத்தில் ஒலி நிற்கும், பொருள் இறங்கிவிடும். 1830களில் நில அளவைப் படையினர் ஊர் ஊராகச் சென்று இவ்விதம் பெயர் மாற்றியதை வைத்து பிரையன் ஃபிரீல் எழுதிய 'மொழிபெயர்ப்புகள்' என்ற நாடகம் 1980 இல் டெரி நகரில் மேடையேறியது. அதில் வரும் ஆசிரியர் ஒரு மாட்டுக்கொட்டிலில் பள்ளிக்கூடம் நடத்துபவர்.

மாவிலித்துறையிலிருந்து உள்ளே போகப் போக, இருபுறமும் வேலி. அயர்லாந்தில் சுண்ணாம்புக்கல், இங்கே முருகைக்கல். கடல் உண்டாக்கிய கல். கையிலெடுத்தால் தேன்வதைபோலத் துளை. இடுப்பளவு, சில இடங்களில் நெஞ்சளவு. சாந்தில்லை, கம்பியில்லை. நான் மாணவன் அனுப்பிய படத்தைத் திறந்து வேலியோடு வைத்துப் பார்த்தேன். பனையை மறைத்துவிட்டால் நானா சொன்னது சரி.

இத்தீவுக்கும் அயர்லாந்துக்கும் உண்மையாகவே ஓர் ஆள்வழித் தொடர்பு உண்டு. பிரித்தானியர் ஆட்சியின் தொடக்க காலத்தில் இங்கே நிருவாகம் பார்த்தவர் லெப்டினன்ட் நொலன் என்ற அயர்லாந்துக்காரர். போர்த்துக்கேயர் கொண்டுவந்து, ஒல்லாந்தர் பெருக்கிய குதிரைகளை அவர் பராமரித்தார். நொலன் துரையைப் பற்றித் தீவில் நல்ல கதையும் உண்டு. வானொலியில் சொல்லக்கூடாத கதையும் உண்டு. கல்லால் கட்டிய குதிரை லாயத்தின் தூண்கள் இப்போதும் நிற்கின்றன. குதிரைகள் கட்டவிழ்ந்து காட்டுக் குதிரைகளாகி, இன்று நூற்றுக்கணக்கில் தெற்குத் தரவையில் மேய்கின்றன. 2015 இல் அப்பகுதி தேசியப் பூங்காவாகப் பிரகடனம் செய்யப்பட்டது. சித்திரையில் புல் காய்ந்து, குதிரைகள் தண்ணீர் தேடித் தலைகுனிந்து நின்றன. நல்ல தண்ணீர் இந்தத் தீவில் எப்போதும் பெரும்பாடு. சாறாப்பிட்டிக் கிணறுகளைப் பற்றிக் கேள்விப்படாதவர் தீவில் இல்லை. பார்க்க வந்தவர்கள் குதிரையோடு படமெடுத்துக்கொண்டு பிற்பகல் படகுக்குத் திரும்பிவிடுகிறார்கள். பெருக்குமரம், ஒல்லாந்தர் கோட்டை, புறாக்கூடு, குதிரை: நாலு மணிநேரத்தில் நெடுந்தீவு முடிந்துவிடும்.

எங்களுக்கு முடியவில்லை. என் மனைவியின் தாய்வழியில் பெரியம்மா முறையான ஓர் ஆச்சி அங்கே இருக்கிறா. எண்பது கடந்துவிட்டது. பிள்ளைகள் கனடாவிலும் பிரான்சிலும். மருமகள் ஒருத்தி பக்கத்து வளவில் இருந்து பார்த்துக்கொள்கிறா. நாங்கள் இரண்டு இரவு அங்கே தங்கினோம். முதல்நாள் நான் வேலியை வேலியாகச் சுற்றிப் படமெடுத்துவிட்டு வந்தபோது ஆச்சி திண்ணையிலிருந்து கேட்டா:

"என்ன தம்பி, கல்லைப் பாக்கவே கொழும்பிலையிருந்து வந்தனீங்கள்?"

அயர்லாந்துப் படத்தைக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தா. "கட்டினவன் விசயம் தெரிஞ்சவன்," என்றா. "கல்லு ஓட்டை விட்டு அடுக்கோணும் தம்பி. அடைச்சுக் கட்டினால் சோழகம் வந்து தள்ளிப்போடும். ஓட்டையாலை காத்துப் போகோணும், வேலி நிக்கோணும்."

ஆரன் வேலிகளைப் பற்றி எழுதியவர்கள் சொல்லும் காரணமும் இதுவே. ஒற்றைக்கல் வரிசை, இடையில் துவாரம், அத்திலாந்திக் காற்று வடிகட்டப்பட்டுப் போய்விடும், வேலி விழாது. மரம் இல்லாத, மண் குறைந்த, கல் நிறைந்த, காற்று ஓயாத தீவில் உழவன் ஒருவன் தன் பயிரைக் காக்க நினைத்தால், அவன் எந்த மொழி பேசினாலும் இந்த வேலியைத்தான் கட்டுவான். நான் சில வாரமாக நூல்களில் தேடியதை ஆச்சி வெற்றிலையை மடிக்கும் நேரத்தில் சொல்லிவிட்டா.

அன்றிரவு ஆச்சி பேசியதெல்லாம் நினைவிலிருக்கிறது என்று சொல்ல ஆசை. ஆனால் இல்லை. காற்றுகளின் பெயர், சாமை விதைத்த காலம், மழைநீர் தேக்கிய துரவு, குதிரை பிடிக்கச் சுருக்குக் கயிறு எறிந்த ஆட்கள் என்று ஒன்றிலிருந்து ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தா. இடையில் நான் தூங்கிவிட்டேன். இரவு பஸ் களைப்பு. விடிந்ததும் மனைவி சொன்னா: "நீங்கள் குறட்டை விட்டபிறகுதான் ஆச்சி நல்ல கதையெல்லாம் சொன்னவ."

இந்த இடத்தில் அயர்லாந்தின் இன்னொரு தீவு என் நினைவுக்கு வந்தது. தென்மேற்குக் கரைக்கு அப்பாலுள்ள பெரிய பிளாஸ்கற் தீவு. கடை இல்லை, கோயில் இல்லை, வைத்தியர் இல்லை. மக்கள்தொகை உச்சத்தில் இருந்தபோதே இருநூறைத் தொடவில்லை. அந்த மக்களின் ஐரிஷ் மொழி வளமானது என்று கேள்விப்பட்டு நோர்வேயிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் மொழியறிஞர்கள் வந்தார்கள். வந்தவர்கள் கேட்டதோடு நிற்கவில்லை. நீங்களே எழுதுங்கள் என்று தூண்டினார்கள். மீனவரான தொமாஸ் ஓ குரோஹன் தன் வரலாற்றை எழுதினார்; 'தீவுக்காரன்' என்ற பெயரில் 1929 இல் வெளிவந்தது. பெக் சேயர்ஸ் என்ற பெண்மணிக்குத் தன் மொழியில் எழுதத் தெரியாது. அவள் சொல்லச்சொல்ல மகன் எழுதினான். 1936 இல் அதுவும் நூலாயிற்று. நூற்றுக்கணக்கான கதைகளை அவளிடமிருந்து நாட்டார் வழக்காற்றுச் சேகரிப்பாளர்கள் பதிவு செய்தனர். பிற்காலத்தில் அவளுடைய நூலை உயர்வகுப்புப் பாடநூலாக்கி, ஒரு தலைமுறைப் பிள்ளைகள் அவள் பெயரைக் கேட்டாலே ஓடும்படி செய்ததும் அயர்லாந்தின் கல்விப்பகுதிதான். நல்ல நூலைப் பரீட்சைக்கு வைத்துக் கெடுப்பது உலகப் பொதுவழக்கம் போலும்.

1946 முடிவில் அந்தத் தீவில் இளைஞன் ஒருவன் நோயில் விழுந்தான். கடல் கொந்தளித்தது. வைத்தியர் வர வழியில்லை. அவன் இறந்துபோனான். அதற்குப் பிறகு, எங்களை அக்கரைக்கு எடுங்கள் என்று தீவு மக்களே கேட்கத் தொடங்கினர். 1953 நவம்பரில் எஞ்சியிருந்த 22 பேருக்காக அரசாங்கம் தீவைக் காலி செய்தது. இன்று கோடையில் உல்லாசப் படகுகள் அங்கே போகின்றன. கூரையில்லாத கல்வீடுகளைப் பார்க்கலாம். தொமாஸின் வீட்டைத் திருத்திக் கட்டியிருக்கிறார்கள். எழுதி வைத்தபடியால் அந்த வீட்டுக்குள் யார் எங்கே இருந்தார்கள் என்பதும் தெரியும்.

நெடுந்தீவில் இன்னும் நாலாயிரம் பேரளவில் இருக்கிறார்கள். பள்ளிக்கூடம் உண்டு, வைத்தியசாலை உண்டு, படகு உண்டு. ஆகவே பிளாஸ்கற்றின் கதையை இதற்கு அப்படியே பொருத்துவது பிழை. ஆனால் இரவில் ஆச்சி வீட்டுத் திண்ணையிலிருந்து பார்த்தால், வேலிக்குள் வேலியாகக் கிடக்கும் வளவுகளில் வெளிச்சமுள்ளவை சில; இருண்டவை பல. வ.ஐ.ச. ஜெயபாலன் 'நெடுந்தீவு ஆச்சிக்கு' என்று கவிதை எழுதியபோது அந்த ஆச்சிக்குப் பக்கத்தில் இன்னும் சனம் இருந்திருக்கும். தனிநாயகம் அடிகளாரின் தந்தைவழி வேரும் இந்தத் தீவில்தான். உலகெங்கும் தமிழாராய்ச்சி மாநாடு கூட்டிய மனிதரின் பூர்வீக மண்ணில் சொற்கள் எந்தப் பதிவிலும் ஏறாமல் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருக்கின்றன என்பது எனக்குத் தொண்டையில் முள்போல இருந்தது.

இரண்டாம் நாள் நான் தூங்கவில்லை. மகனிடம் ஒரு சதுரக்கோட்டுக் கொப்பி இருந்தது. அதற்கு யோசனை தந்ததும் ஓர் ஆரன் கதைதான். திம் ரொபின்சன் என்ற ஆங்கிலேயர் 1972 இல் மனைவியோடு ஆரனுக்குக் குடிபோனார். ஓவியராகப் போனவரை, அங்கு தபாற்கந்தோர் நடத்திய பெண்மணி, தீவுக்கு ஒரு வரைபடம் கீறித்தாருங்கள், வருபவர்களுக்கு உதவும் என்று கேட்டார். ரொபின்சன் கால்நடையாகவே தீவை அளந்தார். வயல், பாறை, ஊற்று, குடா ஒவ்வொன்றின் பெயரையும் முதியவர்களிடம் கேட்டு ஐரிஷிலேயே எழுதினார். 1975 இல் வரைபடம் வந்தது. பிறகு 'ஆரனின் கற்கள்' என்ற இரு தொகுதிகள், 1986 இலும் 1995 இலும். பெயர்களைக் கேட்டு எழுத ஐரிஷ் மொழியையே அவர் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. நமக்கு அந்தக் கஷ்டமும் இல்லை.

யாழ்ப்பாணத்துக் காணிகளுக்குப் பெயர் உண்டென்பது நேயர்கள் அறிந்ததே. உறுதியில் எழுதும்போது காணியின் பெயரும் எழுதப்படும். கொழும்பில் வளரும் பிள்ளைகளுக்கு இது புதினம். எங்கள் தொடர்மாடி வீட்டுக்குப் பெயரில்லை, இலக்கம்தான். மகன் ஆச்சிக்கு முன்னால் கொப்பியை விரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு வேலியாகக் கீறினான். ஆச்சி விரலால் காட்டிக்காட்டிச் சொன்னா. பனிச்சையடி. கள்ளிக்கலட்டி. சின்னக்கலட்டி. துரவடி. நொச்சியடி. நொச்சி எங்கே என்று மகன் கேட்டான். "அது நான் பிறக்க முந்தியே பட்டுப்போச்சு அப்பன். பேர் மட்டும் நிக்குது." கலட்டி என்றால் என்ன என்று கேட்டான். கல்லும் மண்ணும் கலந்த மேட்டு நிலம் என்று நான் சொல்ல வாயெடுக்குமுன் ஆச்சி, "மம்பெட்டி போட்டால் நெருப்புப் பறக்கிற நிலம்," என்றா. அகராதியைவிட அது நல்ல விளக்கம். மகன் அதையும் எழுதினான்.

பதினேழு காணி வந்தது. பதினெட்டாவது, தரவைப் பக்கமாக நீண்டு கிடப்பது, அதற்குப் பெயர் உண்டு. நாவில் நிற்கிறது, வரவில்லை என்றா. மருமகளைக் கூப்பிட்டுக் கேட்டா. அவவுக்கும் தெரியாது. கனடாவிலுள்ள மகனுக்கு அழைத்துக் கேட்டா.  அவருக்கும் தெரியவில்லை. "காலமை வந்திடும்," என்று படுத்தா. காலையிலும் வரவில்லை. எங்களுக்குப் படகு இருந்தது. துறைவரை ஆச்சியின் மருமகள் வந்து ஒரு பொட்டலம் புழுக்கொடியல் தந்தனுப்பினா.

மாளிகாவத்தைக்கு வந்த அன்றே நானா கதவடியில் நின்றார். "கல்வேலி இன்னும் நிக்குதே சேர்?" என்பதே முதற் கேள்வி. மகன் கொப்பியை எடுத்துக் காட்டினான். நானா மீண்டும் கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்தினார். மாவிலித்துறையிலிருந்து விரலை ஓட்டிக்கொண்டு போனவர், தரவையோரத்து வெற்றுக் கட்டத்தில் நின்றார்.

"இதிலைதான் மாடு கூட்டிக் கட்டிறது. வாப்பா பட்டிவெட்டை எண்டு சொல்லுவார். ஊரவையும் அப்பிடித்தான் சொன்னவையோ, எங்கட ஆக்கள் வைச்ச பேரோ தெரியாது."

ஆச்சிக்கு இரண்டு முறை அழைத்துவிட்டேன். மருமகளின் தொலைபேசி இணைப்புக் கிடைக்கவில்லை. அந்தக் கட்டத்தில் மட்டும் மகன் பென்சிலால் எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறான்.